மின்சாரம் குறைவு, மூச்சு அதிகம்: ஆர்மோனியம் குழுவின் முதல் ஆல்பம்

1974 ஏப்ரலில் கனடாவின் மொன்றியலில் இருந்து ஒரு இசைத்தட்டு வெளியானது. பாடியவர்கள் மூன்று இளைஞர்கள், கையில் பெரும்பாலும் அகூஸ்டிக் கிட்டார்கள், பாடல்கள் முழுக்கப் பிரெஞ்சு. ட்ரம்ஸுக்கும் ட்ரம்பெட்டுக்கும் வெளியிலிருந்து ஆள் பிடித்தார்கள். குழுவின் பெயர் ஆர்மோனியம், ஆல்பத்தின் பெயரும் அதுதான், முதல் பாட்டின் பெயரும் அதேதான். நாடக மேடையிலும் பஜனையிலும் பார்த்துப் பழகிய பெட்டியை எதிர்பார்த்துப் போடாதீர்கள், இது கிட்டார்களுக்கும் குரல்களுக்குமான தட்டு.

ஐம்பது வருடம் தாண்டியும், மொன்றியல் இருக்கும் மாகாணமான கியூபெக்கில் இந்தத் தட்டு உயிரோடு இருக்கிறது. தாத்தா பாட்டிக்கும் தெரியும், கல்லூரிப் பிள்ளைக்கும் தெரியும். ப்ரோக் என்று சுருக்கமாகச் சொல்லும் நீளமான, சிக்கலான ராக் இசையின் வெளிநாட்டு ரசிகர்களோ, அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள், முதலாவதை "நல்ல ஆரம்பம்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் ஆல்பத்தைத் தனியாக எடுத்துவைத்துப் பார்க்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஆய்வு. வசதி இல்லாத மூன்று பேர், அந்த வசதிக்குறைவையே பாட்டின் வடிவமாக மாற்றியது எப்படி? அரசியல் கோஷம் ஒன்றுகூட இல்லாத பாட்டுகள், ஒரு மக்கள் கூட்டம் தன்னைப்பற்றிப் பாடிக்கொள்ளும் பாட்டுகளாக மாறியது எப்படி? இந்த இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதைத்தான் காட்டப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்கள். செர்ஜ் ஃபியோரி 1952இல் மொன்றியலில் பிறந்தவர், இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். அப்பா ஜோர்ஜ் ஃபியோரி நடன விருந்துகளுக்கு வாசிக்கும் ஒரு இசைக்குழுவை நடத்தியவர், பையன் சின்ன வயதிலேயே அந்தக் குழுவில் சேர்ந்து வாசித்திருக்கிறான். இது சாதாரண விஷயம் போலத் தெரியலாம். ஆனால் கல்யாண வீட்டிலும் விருந்திலும் வாசித்து வளர்ந்தவனுக்கு ஒன்று கைவந்துவிடும்: கூடத்தில் இருக்கிறவர்கள் எப்போது பாட்டுக்குள் வருகிறார்கள், எப்போது பக்கத்து ஆளோடு பேச ஆரம்பிக்கிறார்கள் என்பது அவனுக்கு உடம்பிலேயே தெரியும். ஃபியோரியின் பாட்டுகள் எவ்வளவு உள்முகமாகப் போனாலும் கேட்பவரை விட்டுவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டே போகின்றன என்றால், அதற்கு வேர் அங்கே இருக்கலாம் என்பது என் ஊகம்.

1972இன் கடைசியில் நாடக இசை தொடர்பாக மிஷேல் நோர்மாண்டோவைச் சந்திக்கிறார். இருவரும் சேர்ந்து எழுத ஆரம்பிக்கிறார்கள். அடுத்த வருடம் லூயி வல்வா பேஸ் கிட்டாரோடு வந்து சேர்கிறார். ஃபியோரி குரல், கிட்டார், புல்லாங்குழல். நோர்மாண்டோ கிட்டார், அக்கார்டியன், குரல். வல்வா பேஸ், எலெக்ட்ரிக் பியானோ, குரல். அவ்வளவுதான் குழு. பதிவுக்கு ரெஜான் எமோன் ட்ரம்ஸ் வாசித்தார், ஆலன் பென்ஃபோல்ட் ட்ரம்பெட் வகைக் கருவிகளை ஊதினார்.

தட்டு வெளியான வழியும் கவனிக்கவேண்டியது. மொன்றியலின் ஷோம் எஃப்எம், ஆங்கில ராக் கேட்பவர்களின் நிலையம். அந்த நிலையம் இவர்களை நேரடியாக வாசிக்கவைத்து ஒலிபரப்பியது. தட்டை வெளியிட்ட செலிப்ரேஷன் என்ற லேபிளோ குவாலிட்டி ரெக்கார்ட்ஸின் ஒரு கிளை, அது டொராண்டோ கம்பெனி. அதாவது கியூபெக் பிரெஞ்சின் மிக நெருக்கமான ஆல்பங்களில் ஒன்று, ஆங்கில வானொலி வழியாகவும் ஆங்கிலக் கனடாவின் கம்பெனி வழியாகவும்தான் கடைக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்துக் கியூபெக்கின் நிலைமையைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

அந்த நிலைமையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பாட்டுகள் பாதிதான் கேட்கும்.

கியூபெக்கில் பெரும்பான்மை பிரெஞ்சு பேசுபவர்கள். ஆனால் தொழிற்சாலை, வங்கி, பெரிய கடைகள் எல்லாம் நெடுங்காலம் ஆங்கிலத்தில் நடந்தன. இருமொழி, இருபண்பாடு குறித்து விசாரித்த அரசு ஆணைக்குழு 1961ஆம் ஆண்டின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, கியூபெக்கில் வருமான வரிசையில் வைத்த 14 இனக்குழுக்களில் பிரெஞ்சு வம்சாவளியினர் 12ஆவது இடத்தில் இருந்தார்கள். சொந்த மண்ணில், எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்துகொண்டு, 12ஆவது இடம்! 1960இல் ஜான் லெசாஜ் ஆட்சிக்கு வந்ததிலிருந்து 'அமைதிப் புரட்சி' என்று அவர்கள் சொல்லும் காலம் ஆரம்பிக்கிறது. பள்ளியும் மருத்துவமனையும் திருச்சபையின் கையிலிருந்து அரசின் கைக்கு வருகின்றன, 1967இல் செஜெப் என்ற இளநிலைக் கல்லூரிகள் ஊர் ஊராகத் திறக்கப்படுகின்றன. இந்தக் கல்லூரிகளை மறந்துவிடாதீர்கள், எழுபதுகளின் கியூபெக் குழுக்களுக்கு மேடையும் ரசிகர்களும் கிடைத்தது பெரும்பாலும் அங்கேதான்.

அப்புறம் 1970 அக்டோபர். கனடாவிலிருந்து பிரிய ஆயுதமெடுத்த கியூபெக் விடுதலை முன்னணி ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரியையும் மாகாண அமைச்சர் பியேர் லபோர்த்தையும் கடத்துகிறது, லபோர்த் கொல்லப்படுகிறார். மத்திய அரசு போர்க்காலச் சட்டத்தைப் பிறப்பித்து ஏறத்தாழ 500 பேரைப் பிடித்து உள்ளே போடுகிறது. பாடகி போலின் ஜூலியன், கவிஞர் காஸ்தோன் மிரோன் போன்றவர்களும் அதில் இருந்தார்கள். பாடுகிறவர்களையும் எழுதுகிறவர்களையும் விடியற்காலையில் வந்து அழைத்துக்கொண்டு போன ஊர் அது. அதற்கு மூன்றரை வருடம் கழித்து வந்த ஆல்பம் இது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இதில் ஏன் யாரும் கத்தவில்லை, ஏன் எல்லோரும் உள்ளே திரும்பிப் பேசுகிறார்கள் என்பது கொஞ்சம் விளங்கும். பயத்தால் என்று நான் சொல்லவரவில்லை. கத்திப் பார்த்தாகிவிட்டது, இனி நாம் யார் என்று உட்கார்ந்து பார்ப்போம் என்ற மனநிலை அந்தத் தலைமுறைக்கு வந்திருந்தது, அந்த மனநிலைக்குச் சரியான ஒலி இந்த மூன்று பேரிடம் இருந்தது.

ஆல்பம் வந்த அதே 1974இல், ஜூலையில், ரொபேர் புராசா அரசு பிரெஞ்சை மாகாணத்தின் ஒரே ஆட்சிமொழியாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1976 நவம்பரில், கியூபெக்கின் சுதந்திரத்தைக் கேட்ட ரெனே லெவெக்கின் பார்ட்டி கெபெக்குவா கட்சி ஆட்சிக்கு வந்தது, 1977இல் 101ஆம் சட்டம் வந்தது. குடியேறி வருபவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்றது அந்தச் சட்டம். மொன்றியலில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் பிரெஞ்சுமாக வளர்ந்தது இதனால்தான், அவர்களில் பலருக்கு இந்தப் பாட்டுகள் வகுப்பறை வழியாகவோ ஜூன் 24 தேசிய விழா வழியாகவோ காதில் விழுந்திருக்கும்.

சரி, இனி தட்டுக்குள் போவோம்.

1974இல் ப்ரோக் ராக் என்றால் என்ன அர்த்தம்? மெலோட்ரான், மூக் சிந்தசைசர், ஹேமண்ட் ஆர்கன், மேடையை அடைக்கும் ட்ரம்ஸ், ஒரு பக்கம் முழுக்க ஓடும் 20 நிமிடப் பாட்டு. ஜெனிசிஸ், யெஸ், ஜென்டில் ஜயண்ட் எல்லாம் உச்சத்தில் இருந்த சமயம். கியூபெக் இந்த இசைக்கு உலகிலேயே மிக விசுவாசமான கூட்டங்களில் ஒன்று, இந்த ஆல்பம் வந்த அதே ஏப்ரலில் ஜெனிசிஸ் மொன்றியல் பல்கலைக்கழக அரங்கில் வாசித்தது. ஆக ஆர்மோனியத்தின் ரசிகர்களுக்குப் பெரிய ப்ரோக் எப்படி ஒலிக்கும் என்று நன்றாகவே தெரியும். அவர்கள் முன்னால் இவர்கள் மூன்று பேர் கிட்டாரோடு வந்து உட்காருகிறார்கள்.

இவர்கள் அந்தப் பெரிய குழுக்களிடமிருந்து எடுத்துக்கொண்டது கருவிகளை அல்லாமல் கட்டுமானத்தை. பாட்டு இரண்டு சரணம் ஒரு பல்லவி என்று சுற்றிவராமல் ஒரு இடத்தில் தொடங்கி வேறொரு இடத்தில் போய் முடியும். தாளம் நடுவில் மாறும், வேகம் மாறும், மனநிலையும் கூடவே மாறும். 'ஓஜூர்துய் ஜ தி போன்ஜூர் ஆ லா வி' என்ற மூன்றாவது பாட்டு, 'இன்று வாழ்க்கைக்கு வணக்கம் சொல்கிறேன்' என்பது தலைப்பின் பொருள், ஆறு நிமிடத்துக்குள் உள்ளொடுங்கிய குரலில் ஆரம்பித்துக் கொண்டாட்டம்வரைக்கும் போகிறது. பெரிய குழு என்றால் இந்த மாற்றத்தைச் சிந்தசைசரும் ட்ரம்ஸும் செய்யும், கேட்பவருக்கு மாற்றம் வருகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிடும். இங்கே அந்த வேலையைக் கிட்டாரின் வலது கைதான் செய்யவேண்டும். கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிக்க ஆரம்பிக்கிறது, குரல் ஒன்றிலிருந்து மூன்றாகிறது, பாட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டது.

இந்தக் குரல்களைப்பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மெலோட்ரான் என்பது என்ன செய்யும்? பின்னணியில் வயலின் கூட்டம் போலவோ கோரஸ் போலவோ ஒரு போர்வையை விரிக்கும். ஆர்மோனியத்திடம் இந்த ஆல்பத்தில் அது இல்லை, அதனால் அந்தப் போர்வையை மூன்று தொண்டைகள் நெய்கின்றன. 'ஸி டூஸ்மான்', 'அத்தனை மெதுவாக' என்று அர்த்தம், அந்த இரண்டாவது பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டின் வரிக்குப் பின்னால் சொல்லில்லாமல் மேலெழும் குரல் அடுக்குகள்தான் அங்கே கீபோர்ட். ஃபியோரியின் குரல் மேல்தளத்துக்குப் போகும்போது கொஞ்சம் உடையும், மூக்கொலி கலந்திருக்கும், மெருகேற்றிய பாடகனின் குரல் கிடையாது. அந்த உடைசல் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் பாட்டில் வருகிற ஆளும் அப்படித்தான், தன்னைப்பற்றி நிச்சயமில்லாதவன்.

வல்வாவின் பேஸ் இன்னொரு மறைந்த தூண். ட்ரம்ஸ் வரும் இடங்களில்கூட அடக்கமாகத்தான் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை, அதனால் காலக்கணக்கு முழுவதும் பேஸின் தோளில் இருக்கிறது. அவர் அதை வெறும் அடித்தாளமாக வைத்துக்கொள்ளாமல் கீழே ஒரு தனிப்பாட்டாகவே வாசித்துக்கொண்டு போகிறார். நல்ல ஹெட்போனில் அந்த ஒரு கம்பியை மட்டும் பின்தொடர்ந்து முழுத் தட்டையும் ஒருமுறை கேட்டால் வேறொரு ஆல்பம் கிடைக்கும், உண்மையாகவே.

பென்ஃபோல்டின் ஊதுகருவி ஆல்பத்தில் கொஞ்ச நேரம்தான் வருகிறது. மரமும் கம்பியும் மட்டுமே ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பித்தளைக் கருவி ஒன்று ஜாஸ் வாடையோடு நுழையும்போது அறையின் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். குறைவாகப் பயன்படுத்தியதால்தான் அந்தப் பலன்.

இப்போது இரண்டு பாட்டுகளை மட்டும் நெருங்கிப் பார்க்கிறேன், இரண்டும் தட்டின் இரண்டாவது பக்கத்தில் இருப்பவை.

முதலாவது 'பூர் அன் ஆன்ஸ்தான்', ஒரு கணத்துக்கு. மூன்று நிமிடமும் சில நொடிகளும்தான், ஆல்பத்திலேயே குட்டிப் பாட்டு, வானொலியில் பிடித்துக்கொண்டதும் இதுதான். கட்டமைப்பு மிக எளிது: ஒவ்வொரு முறையும் "ஒரு கணத்துக்கு" என்று தொடங்கி, அந்தக் கணத்தில் செய்த ஒரு காரியத்தையும் அதனால் கிடைத்த ஒரு விடுதலையையும் சொல்லும். ஒரு கணம் பெயரை மறந்தான், இந்தப் பாட்டை எழுத முடிந்தது. ஒரு கணம் கண்ணாடியைத் திருப்பினான், தன்னை இன்னும் நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு கணம் ஆழமாக மூச்செடுத்தான், தன் உடலுக்குள் போய்ப் பார்க்க முடிந்தது. போய்ப் பார்த்தால், அங்கே யாரோ அந்நியர்கள் ராஜாவாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், இவனோ இத்தனை நாளும் அவர்களுடைய சட்டங்களை ஏற்றுக்கொண்டு இருந்திருக்கிறான்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். பாட்டின் ஓட்டத்தில் இது மனதைப்பற்றிய பேச்சு. மூச்சு, உடல், உள்ளே போய்ப் பார்த்தல் என்று படிப்படியாக வருகிறது, ஆக அந்த அந்நியர்கள் ஊராரின் எதிர்பார்ப்பாக இருக்கலாம், அப்பா அம்மாவின் குரலாக இருக்கலாம், வெட்கமாக, பயமாக இருக்கலாம். 1974இன் கியூபெக்கில் உட்கார்ந்து வானொலியில் கேட்டவனுக்கோ அது இன்னொன்றும்தான். தன் வீட்டில் வேறு யாரோ ராஜாவாக இருப்பது, அவர்களுடைய சட்டத்தைத் தான் ஏற்றுக்கொண்டது, இதை அவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை, வேலைக்குப் போகும் இடத்திலேயே தினமும் பார்க்கிறான். கொடியோ கட்சியோ ஊர்ப்பெயரோ பாட்டில் எங்கும் இல்லை. அதனால்தான் அது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. வெளிப்படையாக எழுதியிருந்தால் 1980 மே மாதத்தில் சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு தோற்றபோது, 60 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் வேண்டாம் என்று வாக்களித்தபோது, பாட்டும் அதோடு பழசாகியிருக்கும். அப்படிப் பழசான பாட்டுகள் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. இது ஆகவில்லை, ஏனென்றால் அது முதலில் ஒரு தனி மனிதனின் பாட்டு.

இசையிலும் அதே அடக்கம். கிட்டார், குரல்கள், அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த அந்நியர்கள் வரும் வரியில் குரலை உயர்த்தவோ நிறுத்தவோ அழுத்தவோ அவர்கள் முயலவில்லை, மற்ற வரிகளைப் போலவே பாடிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதுதான் ஆல்பத்தின் ஆகச் சிறந்த முடிவு.

இரண்டாவது, கடைசிப் பாட்டு: 'அன் மியூஸிஸியன் பார்மி தான் தோத்ர்', எத்தனையோ பேரில் ஒரு இசைக்கலைஞன். ஏழு நிமிடம், ஆல்பத்தின் நீளமான பாட்டு. தன்னை யாராவது கேட்கிறார்களா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டிருக்கும் ஒருவனிடமிருந்து ஆரம்பித்து ஒரு பல்லவிக்கு வந்து சேர்கிறது. சொல்வதற்கு ஏதோ வைத்திருந்த அந்த மனிதர்கள் எல்லாம் எங்கே போனார்கள், ஒருவனை உலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம், அவன் சொல்வதைக் கேட்டால் என்ன என்பது அந்தப் பல்லவியின் சாரம். முதலில் குழு பாடுகிறது, பிறகு திரும்பத் திரும்ப வருகிறது, வர வரக் குரல்கள் கூடுகின்றன, கடைசியில் ஒரு கூட்டமே பாடுகிறது.

கட்டுமானமாகப் பார்த்தால் இது ப்ரோக் குழுக்கள் இறுதிப் பாட்டில் செய்யும் அதே பெரிய ஏற்றம். மற்றவர்கள் அதைக் கருவிகளை அடுக்கிச் செய்வார்கள், இவர்கள் ஆட்களை அடுக்கிச் செய்கிறார்கள். அதன் விளைவு ரொம்பப் பெரியது. மேடையில் இந்தப் பாட்டு வந்தால் ரசிகர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, ஏனென்றால் பாட்டில் அவர்களுக்கென்று ஏற்கெனவே இடம் விட்டு வைத்திருக்கிறது. தட்டிலேயே கூட்டம் இருக்கிறது, அரங்கில் இருக்கிற கூட்டம் அதில் போய்ச் சேர்ந்துகொண்டால் போதும். மெலோட்ரான் இல்லாத மூன்று பேர், ஊரையே தங்கள் மெலோட்ரானாக வைத்துக்கொண்டார்கள்.

நான் தொடக்கத்தில் கேட்ட இரண்டு கேள்விகளும் சேரும் இடம் இதுதான். கருவிகள் குறைவு என்பதால் குரல்களுக்கு இடம் வந்தது, குரல்களுக்கு இடம் வந்ததால் கேட்பவர்கள் உள்ளே வர முடிந்தது, சொல்லாமல் விட்டதால் அவர்கள் தங்கள் கதையை அதில் வைக்க முடிந்தது.

ஆல்பத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது பக்கத்தின் முதல் பாட்டான 'அத்தான் முவா', 'எனக்காகக் காத்திரு', எனக்கு எப்போதும் கொஞ்சம் லேசாகத்தான் படுகிறது. இனிமையாக இருக்கிறது, ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. 'வியேய் கூர்வா', பழைய வார்ப்பட்டைகள், அதற்கு நேரெதிர்: நிறைய யோசனைகள் ஒரே பாட்டில், சில இணைப்புகள் தையல் தெரிகிற மாதிரி. ஒலிப்பதிவும் ஆடம்பரமானது கிடையாது. அதே காலத்து லண்டன் பதிவுகளோடு வைத்துப் பார்த்தால் அகலம் குறைவு, சில இடங்களில் ட்ரம்ஸ் எங்கோ பக்கத்து அறையில் இருப்பது போலக் கேட்கிறது. 'த லா ஷாம்ப்ர் ஓ ஸலோன்', படுக்கையறையிலிருந்து கூடம்வரை, அதைப்பற்றி மட்டும் எனக்கு ஒரு புகாரும் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும் பாட்டு அது, அந்தச் சின்ன இடத்துக்குள் அத்தனை திருப்பம்.

இரண்டாவது ஆல்பம் 1975இல் வந்தது, கியூபெக்கில் சுருக்கமாக 'ஐந்து பருவங்கள்' என்று சொல்வார்கள். அதற்குள் செர்ஜ் லோக்கா கீபோர்டோடும் மெலோட்ரானோடும் வந்துவிட்டார், பியேர் தேனியோ புல்லாங்குழல், சாக்ஸபோன், கிளாரினெட் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கடைசிப் பாட்டு 17 நிமிடம், அதில் வரிகளே இல்லை. அழகான ஆல்பம், சந்தேகமில்லை. 2015இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்ட 50 சிறந்த ப்ரோக் ஆல்பங்கள் பட்டியலில் அது இருந்தது. பிரெஞ்சு தெரியாத வெளிநாட்டு ரசிகருக்கு அது சுலபமாகப் பிடிப்பதற்கும் இதுதான் காரணம்: அவருக்குப் பழக்கமான கருவிகள் வந்துவிட்டன, பாடல்வரிகளின் பாரம் குறைந்துவிட்டது. இதிலும் கவனியுங்கள், அந்த ஆல்பத்தில் ட்ரம்ஸ் கிடையாது. ட்ரம்ஸ் இல்லாமல் 40 நிமிடம் பிடித்து நிறுத்தலாம் என்ற துணிச்சல் முதல் ஆல்பத்தில் கற்றுக்கொண்டதுதான். 1976இல் 'எப்தாத்' என்ற இரட்டை ஆல்பம், சிபிஎஸ் கம்பெனி, நீல் கோட்டெமின் ஆர்கெஸ்ட்ரா இசை, பெரிய குழு. அந்தப் பதிவுக் காலத்திலேயே நோர்மாண்டோ விலகிவிட்டார். முதல் ஆல்பத்தின் பாடல்களை ஃபியோரியோடு உட்கார்ந்து எழுதியவர் அவர் என்பதை நினைத்தால், எது போனது என்று புரியும். எப்தாத்தில் எல்லாமே பிரமாண்டம், ஒரு மனிதனின் மனம் ஏழு படிகளில் ஏறும் கதை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற அந்த நெருக்கம் அதில் எனக்குக் கிடைப்பதில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1976 கோடையில் மொன்றியலின் மலைமேல் நடந்த பெரிய திறந்தவெளி நிகழ்ச்சியில் போ தொமாஜ், ஒக்தோப்ர் போன்ற குழுக்களோடு ஆர்மோனியமும் வாசித்தது, சில மாதங்களில் லெவெக் வென்றார். 1978இல் குழு கலிபோர்னியாவுக்குப் போய் வாசித்தது, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் அந்தப் பயணத்தை ஆவணப்படமாக எடுத்தது. அதே வருடம் ஃபியோரி ரிஷார் சேகானோடு சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தார், அதுவும் கியூபெக்கில் கொண்டாடப்பட்டது. அதோடு ஆர்மோனியம் மெல்லக் கலைந்தது. மேடைப் பயமும் மனப் பதற்றமும் ஃபியோரியை நீண்ட காலம் மேடையிலிருந்து விலக்கி வைத்தன. "ஒரு கணம் பெயரை மறந்தேன்" என்று பாடியவருக்குப் பெயர் பெரிதாகிவிட்டது தாங்க முடியாத சுமையாக ஆகியிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். 2014இல் புதுத் தட்டோடு திரும்பிவந்தார். 2020 டிசம்பரில் மொன்றியல் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, சீமோன் லெக்லேரின் இசையமைப்பில், ஆர்மோனியத்தின் பாடல்களை முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து வாசித்த ஆல்பம் வந்தபோது கியூபெக்கே வாங்கியது. ஃபியோரி 2025 ஜூன் 24 அன்று தனது 73ஆவது வயதில் காலமானார், அது கியூபெக்கின் தேசிய விழா நாள். அரசு மாகாண மரியாதையோடு இறுதி அஞ்சலி நடத்தியது.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கவேண்டாம், பிரெஞ்சு தெரியாதவருக்கு அந்த ஆறரை நிமிடம் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். 'பூர் அன் ஆன்ஸ்தான்' முதலில், பிறகு உடனே கடைசிப் பாட்டு. இந்த இரண்டும் பிடித்தால் தொடக்கத்துக்குப் போய் முழுசாகக் கேளுங்கள், 40 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வரிகளின் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது அவசியம், இது வரிகளுக்காகவே எழுந்த இசை. சீடி பதிப்புகளில் 'ஒரு லட்சம் காரணங்கள்' என்று பொருள்படும் ஒரு கூடுதல் பாட்டையும் கடைசியில் சேர்த்திருப்பார்கள். நல்ல பாட்டுதான், ஆனால் முதல் தடவை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். அந்தக் கூட்டம் பாடி முடிக்கிற இடத்தில்தான் இந்த ஆல்பம் முடிகிறது.